சுடுதண்ணீருக்கு எது நல்லது: கேஸா, கரண்டா?



சென்ற மாதம் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வந்தேன். தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் என் அக்கா மகள் வாடகைக்குக் குடியிருக்கிறாள். முதல் பிரசவம் ஆகி இருபது நாள். பேறுகாலம் பார்க்க அக்கா தோட்டத்திலிருந்து போயிருந்தார்.

போன அன்றைக்கே நான் பார்த்த காட்சி இது. கேஸ் அடுப்பில் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. அக்கா பழந்துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஈரம் சொட்டும் தரையில் நடந்து குளியலறைக்குப் போகிறார். தாய்க்கு ஒரு சட்டி, பிள்ளைக்கு ஒரு சட்டி, சாயந்திரம் மறுபடியும். அக்காவுக்கு வயது அறுபதுக்கு மேல். முழங்கால் வலி வேறு.

அன்று இரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். "ஒரு ஹீட்டர் மாட்டிடலாம் அத்தை, கரண்டு ஹீட்டர்தான் சுலபம்" என்கிறார் மாப்பிள்ளை. "கரண்டும் தண்ணியும் ஒண்ணா சேரலாமா? கேஸ்தான் மலிவு" என்கிறார் அக்கா. "மாமா, நீங்கதானே ஆஸ்பத்திரிக்காரர், நீங்களே சொல்லுங்க" என்று அக்கா மகள் என் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்குச் சொன்னதையே இம்மாதப் பாடமாக உங்களுக்கும் எழுதுகிறேன். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள். நம் தோட்ட வீடுகளிலும் இப்போது ஹீட்டர் வந்துவிட்டது. ஆகவே இது எல்லாருக்கும் வேண்டிய பாடமே.

முதலில், சட்டித் தண்ணீரின் ஆபத்து

என் டிஸ்பென்சரிக்கு வந்த தீப்புண் பிள்ளைகளில் நெருப்பில் சுட்டதைவிடச் சுடுதண்ணீரில் வெந்ததுதான் அதிகம். மூன்று வயசுப் பிள்ளை அம்மா காலைக் கட்டிக்கொள்ள ஓடி வரும்; அம்மா கையில் அண்டா இருக்கும். அவ்வளவுதான். பிறகு நெஞ்சும் தோளும் வெந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தால் எவ்வளவு நேரத்தில் தோல் வேகும் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 50 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலை ஆழமாக வேகவைக்க ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். 60 டிகிரி என்றால் 5 வினாடி போதும். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு ஒரு வினாடியே போதும். கொதித்த தண்ணீருக்கு நேரக் கணக்கே கிடையாது. பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டிய சூடோ 37 டிகிரிதான், அதாவது நம் உடம்புச் சூடு. அதற்காக 100 டிகிரியில் கொதிக்கவைத்து, ஈரத் தரையில் தூக்கிக்கொண்டு நடப்பது தேவையில்லாத ஆபத்து.

ஆகவே ஹீட்டர் வேண்டும் என்பதில் மாப்பிள்ளை சொன்னது சரி. எந்த ஹீட்டர் என்பதுதான் கேள்வி.

ஹீட்டரில் மூன்று வகை

ஒன்று, உடனடிக் கரண்டு ஹீட்டர். குளியலறைச் சுவரில் மாட்டும் சிறிய பெட்டி. தண்ணீர் ஓடும்போதே சூடாகும். சேமித்து வைக்காது.

இரண்டு, தொட்டிக் கரண்டு ஹீட்டர். 15 லிட்டர், 25 லிட்டர் என்று உள்ளே தொட்டி இருக்கும். முன்கூட்டியே சுவிட்சைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். 25 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 3,000 வாட்ஸ் ஹீட்டருக்கு 20 நிமிடம் பிடிக்கும்.

மூன்று, கேஸ் ஹீட்டர். குழாயைத் திறந்தால் உள்ளே நெருப்புப் பற்றிக்கொள்ளும், மூடினால் அணையும். அங்கே பெரும்பாலும் இதைச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் மாட்டி, அங்கிருந்து குளியலறைக்குக் குழாய் இழுக்கிறார்கள்.

எது மலிவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அக்கா கேஸ்தான் மலிவு என்றார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 27 டிகிரி இருக்கும். குளிக்க 39 டிகிரி போதும். கூட்ட வேண்டியது 12 டிகிரி. ஒருவர் குளிக்க 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஆக 40 தடவை 12, மொத்தம் 480 கிலோ கலோரி. ஒரு யூனிட் கரண்டில் 860 கிலோ கலோரி இருக்கிறது. அப்படியானால் ஒரு குளியலுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல், 0.56 யூனிட்.

2024-ஆம் ஆண்டில் அங்கே வீட்டுக் கரண்டு வரி நீங்கலாக யூனிட் சுமார் 30 காசு. ஒரு குளியல் 17 காசு.

கேஸில் அதே சூட்டுக்கு இன்னும் கூடுதலாக எரிக்க வேண்டும். ஏனென்றால் ஐந்தில் ஒரு பங்கு சூடு புகையோடு வெளியே போய்விடும். ஆகவே 0.7 யூனிட் கேஸ். குழாய் கேஸின் விலை அதே 2024-இல் யூனிட் சுமார் 23 காசு. ஒரு குளியல் 16 காசு.

பார்த்தீர்களா? வித்தியாசம் ஒரு காசு! நான்கு பேர் தினம் ஒருமுறை குளித்தால் மாதத்துக்கு ஒரு வெள்ளி சொச்சம். கேஸ் ஹீட்டர் விலை அதிகம், குழாய் இழுக்கும் கூலி வேறு. தூரத்தில் மாட்டினால் குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் விட்டாக வேண்டும். அந்தத் தண்ணீருக்கும் காசு. இந்தக் கட்டணங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவதால் நாளைக்கு ஒன்று ஏறலாம், ஒன்று இறங்கலாம்.

தொட்டி ஹீட்டரின் கணக்கு வேறு. சுவிட்சை நாள் முழுவதும் போட்டே வைத்தால், யாரும் குளிக்காத நேரத்திலும் ஆறிய சூட்டை ஈடுகட்டக் கரண்டு இழுத்துக்கொண்டே இருக்கும். குளிப்பதற்கு 20 நிமிடம் முன் போட்டு, பிறகு அணைக்கும் ஒழுங்கு இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஆகவே சிங்கப்பூர் போன்ற வெப்ப ஊரில் காசை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. உயிருக்கு எது பத்திரம் என்றுதான் பார்க்க வேண்டும்.

கரண்டின் ஆபத்து

அக்கா பயந்ததில் நியாயம் இருக்கிறது. நனைந்த உடம்பில் கரண்டு சுலபமாகப் பாயும். குளிக்கும்போது காலில் செருப்பும் இல்லை. அடித்தால் விலகவும் இடம் இல்லை. ஆனால் இந்த ஆபத்தைத் தடுக்க வழி உண்டு. மூன்று காவல் இருக்கின்றன.

முதல் காவல் எர்த் வயர். ஹீட்டருக்குள் கரண்டு கசிந்தால் அது உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போய்ச் சேர இதுதான் பாதை. எர்த் இல்லாத ஹீட்டர், வீட்டுக்குள் நல்ல பாம்பு.

இரண்டாவது காவல் கசிவுத் தடுப்பு சுவிட்ச். நம் ஊரில் இ.எல்.சி.பி. என்பார்கள், அங்கே ஆர்.சி.சி.பி. என்பார்கள். மெயின் பெட்டியில் இருக்கும். அதில் டெஸ்ட் என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. கரண்டு வழிமாறிக் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இது விழுந்து கரண்டை வெட்டிவிடும். சிங்கப்பூரில் வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் சுவிட்ச். 1985 ஜூலை முதல் கட்டப்பட்ட வீடுகளில் இது கட்டாயமாக இருந்தது. அதற்கு முந்திய பழைய வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் பொருத்தியாக வேண்டும் என்று அங்குள்ள எரிசக்திச் சந்தை ஆணையம் விதி செய்தது. நம் மலேசியாவிலோ குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு இன்னும் கடுமையான 10 மில்லியாம்பியர் சுவிட்ச் வேண்டும் என்று சட்டம்.

மூன்றாவது காவல் தனி வயர், தனி சுவிட்ச். இதை நம் பையன்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் நம் தோட்டத்துப் பையன்கள் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். பார்க்கப் போனேன். ஹீட்டர் வயரில் சாதாரண மூன்று முனை பிளக்கை மாட்டி, நீட்டு வயர் இழுத்து, அறையிலுள்ள பாயிண்ட்டில் சொருகி வைத்திருந்தார்கள். பிளக்கைத் தொட்டேன், சுட்டது. அந்த ஹீட்டர் 3,300 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல். பிளக் தாங்குவதோ 13 ஆம்பியர். சும்மா கணக்குப் போட்டாலே தெரியும், அது உருகித் தீப்பிடிக்கக் காத்திருக்கிறது என்று. "ரெண்டு மாசமா ஒண்ணும் ஆகலியே அண்ணே" என்றான் ஒருவன். ஆகும் வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான் தம்பி, ஆனபின் சொல்ல நீ இருக்க மாட்டாய் என்றேன். அன்றைக்கே கழற்ற வைத்தேன். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, குளியலறைக்கு வெளியே சுவிட்ச் வைப்பதுதான் முறை. அதற்கு வீட்டுக்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேஸின் ஆபத்து

கேஸ் என்றால் வெடிக்கும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். அதைவிட மோசமான ஒன்று சத்தம் போடாமல் கொல்லும். அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

எந்த நெருப்பும் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ தோம்பு கேஸ் முழுவதும் எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று தேவை. சின்னக் குளியலறை மொத்தமே ஐந்து ஆறு கன மீட்டர்தான். சன்னல் சாத்திய அறைக்குள் கேஸ் ஹீட்டர் எரிந்தால், ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கக் குளிக்கக் காற்றுக் குறையும். அப்போது நெருப்பு அரைகுறையாக எரிந்து இந்த விஷக் காற்றை உண்டாக்கும். இதற்கு நிறமில்லை, வாடையில்லை, கண் எரியாது, இருமல் வராது.

நம் ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள், இந்த விஷத்தை 200 மடங்குக்கும் மேலான ஆசையோடு பிடித்துக்கொள்ளும். பிறகு உயிர்க்காற்றுக்கு ரத்தத்தில் இடமில்லை. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவண்டுபோதல். ஏதோ பித்தம் என்று நினைப்பார்கள். அப்படியே மயங்கி விழுவார்கள். கர்ப்பிணி என்றால் வயிற்றுப் பிள்ளைக்கு இன்னும் அதிகக் கேடு. விரலில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவி கூட ஏமாந்து, ரத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். ஒரு மழைக்காலத்தில் ஈரத்துணி காயவைக்க அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு குடும்பமே தலைவலி என்று என்னிடம் வந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சந்தேகப்பட வேண்டியது காய்ச்சலை அல்ல, காற்றை.

ஆகவே கேஸ் ஹீட்டருக்கு இரண்டே விதி. குளியலறைக்குள் மாட்டாதே. மாட்டிய இடத்தின் காற்று வழியை அடைக்காதே. மழைச் சாரல் வருகிறதென்று பலகை வைத்து அடைப்பவர்கள் உண்டு. அது சவப்பெட்டிக்கு அடிக்கும் ஆணி. நெருப்பு நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினாலோ, பெட்டி மேல் கரி படிந்தாலோ உடனே நிறுத்தி, லைசென்ஸ் உள்ள கேஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

குழாய் கேஸுக்கும் தோம்பு கேஸுக்கும் உள்ள ஒரு வித்தியாசமும் சொல்கிறேன். சிங்கப்பூரின் குழாய் கேஸ் பழைய சரித்திரம் உள்ளது. தேக்காவுக்குச் சற்றுத் தள்ளிக் காலாங்கில் 1862-இல் தெருவிளக்குக்காகக் கேஸ் ஆலை தொடங்கினார்கள். சீனர்கள் அந்த வட்டாரத்தை நெருப்புப் பட்டணம் என்றே அழைத்தார்கள். 1998-இல் அந்த ஆலை மூடப்பட்டது. இப்போது செனோக்கோ ஆலையிலிருந்து வருகிறது. அதில் பாதியளவு ஹைட்ரஜன் இருப்பதால் காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும். தோம்பு கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவிக் கட்டிலுக்கடியிலும் சாக்கடையிலும் தேங்கும். தோட்ட வீட்டில் நமக்கிருப்பது இந்தத் தோம்புதான் என்பதை மறக்காதீர்கள்.

எந்த வீட்டுக்கு எது?

அடுக்குமாடியில், அறையில், வெப்ப ஊரில் இருப்பவர்களுக்கு: உடனடிக் கரண்டு ஹீட்டரே போதும். 12 டிகிரி கூட்ட 3,300 வாட்ஸ் ஹீட்டர் நிமிடத்துக்கு 4 லிட்டர் தரும். மூன்று காவலும் இருக்க வேண்டும்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு: விடியற்காலைத் தண்ணீர் 18, 19 டிகிரியில் இருக்கும். 20 டிகிரி கூட்ட வேண்டும். அதே ஹீட்டர் இப்போது நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்கூடத் தராது, நூல் மாதிரிதான் வரும். அங்கே தொட்டி ஹீட்டரோ, வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் மாட்டிய கேஸ் ஹீட்டரோதான் சரி. கேஸ் ஹீட்டருக்குக் கரண்டு ஹீட்டரைப்போல் ஐந்து மடங்கு பலம் உண்டு.

பெரிய குடும்பம், அடுத்தடுத்துக் குளிப்பவர்கள், நல்ல காற்றோட்டமான பின்கட்டு உள்ளவர்கள்: கேஸ் ஹீட்டர் நல்லதே.

தொட்டி ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சூட்டைக் குறைத்து 40 டிகிரியில் வைத்தால் மிச்சம் என்று நினைக்காதீர்கள். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் ஒரு கிருமி வளரும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டலில் பலரைக் கொன்ற பிறகுதான் அது உலகுக்குத் தெரிய வந்தது. தொட்டிக்குள் 60 டிகிரி இருக்கட்டும். குழாயில் பச்சைத் தண்ணீர் கலந்து குளியுங்கள். அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு வேலை செய்கிறதா என்றும் பார்த்து வையுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள். பிள்ளைக்கும் அப்படியே. வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு.

ஆபத்து வந்தால்

வெந்துவிட்டால்: குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் காட்டுங்கள். பற்பசை, எண்ணெய், கிச்சாப், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேக்காவில் இருப்பவர்களுக்கு கேகே மகளிர், சிறார் மருத்துவமனை நடந்தே போகும் தூரம்.

கரண்டு அடித்தால்: தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

கேஸ் வாடை வந்தால்: எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடு, சன்னலைத் திற, வெளியே போ. வெளியே போய்த்தான் போன்.

குளியலறையில் மயங்கிக் கிடந்தால்: மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து வெளியே இழுத்துப் போடுங்கள். விஷக் காற்றின் பாதி ரத்தத்தை விட்டுப் போகச் சும்மா காற்றில் நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரந்தான். ஆகவே தெளிந்துவிட்டான் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அவசர எண்: சிங்கப்பூரில் 995, நம் நாட்டில் 999.

கடைசியில் என்ன ஆயிற்று?

அக்கா மகள் வீட்டில் கரண்டு ஹீட்டர் என்று முடிவாயிற்று. வாங்குவதற்கு முன் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். "டெஸ்ட் பொத்தானை அழுத்துங்க" என்றேன். அழுத்தினார். விழவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் விழவில்லை. எத்தனை வருஷமாகச் செத்துக் கிடந்ததோ! அதை நம்பி ஹீட்டர் மாட்டியிருந்தால் அந்தக் குளியலறையில் நிற்கப்போவது பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும்.

வீட்டுக்காரர் மறுநாளே வயர்மேனை அனுப்பிப் புதியது மாட்டிக் கொடுத்தார். இப்போது அழுத்தினால் டக்கென்று விழுகிறது. அதன் பிறகுதான் ஹீட்டர் வந்தது. அக்கா முதல் நாள் தூர நின்றே பார்த்தார். இரண்டாம் நாள் பேரப்பிள்ளையைத் தானே குளிப்பாட்டினார். சட்டி இப்போது சோறு வடிக்கத்தான்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் அந்தச் சிறு பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் மகிழ்ச்சி, தூக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். விழாவிட்டால், நாளைக் காலை பெரட்டுக்குப் போகும்போதே தோட்ட ஆபீசில் சொல்லுங்கள். சிங்கப்பூரில் பிள்ளை இருந்தால் இன்று இரவே போன் போட்டு, "தம்பி, உன் ஹீட்டர் பிளக்கிலா இருக்கு?" என்று கேளுங்கள்.